ஷிஃபா கடைசிச் சுற்றில் நின்ற வாரம்

கொச்சியில் மீன் வாங்கப் போனால் விலைக்கு முன்னால் சினிமா வருகிறது. இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு இது பழகவில்லை. அன்று மட்டாஞ்சேரிச் சந்தையில் மத்தி எடுக்கப் போனேன். மீன்கார ஜோசிச் சேட்டன் தராசைத் தொடவே இல்லை. "அக்கே, இக்கொல்லம் ஆர்க்கா கிட்டுக?" என்றார். இந்த வருஷம் யாருக்குக் கிடைக்கும் என்று கேட்கிறார். லாட்டரி இல்லை, சினிமா விருது. கடைசிச் சுற்றில் நிற்கிறவர்களின் பெயர்கள் காலைப் பத்திரிகையில் வந்திருந்தன. சிறந்த நடிகருக்கு நிற்கிறவரின் நடிப்பில் பாதிப் படத்துக்கு மேல் உயிரே இல்லை, பின்னணி இசை வேறு காதைக் கெடுத்துவிட்டது என்று பக்கத்துக் கடைக்காரரோடு சண்டைக்கே போய்விட்டார் மனிதர். என் மத்தி வெயிலில் கிடந்தது.

எங்கள் கோவில்பட்டியில் இப்படி நடக்குமா? பட்டியலில் நம்ம ஆள் பெயர் இருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தால் வெடி போடுவோம், இல்லையென்றால் பட்டியலே பித்தலாட்டம். நம்ம ஆளைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் தெரியும் சேதி. இங்கே சாயாக்கடைக்குச் சாயாக்கடை பெரிய பெரிய நடிகர்களையே உரித்துத் தொங்கவிடுகிறார்கள். கேட்கிறவர்களும் சிரித்துக்கொண்டு இன்னொரு சாயா சொல்கிறார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆஹா, நம் வாய்க்கு ஏற்ற ஊர் இதுதான் என்று மனப்பால் குடித்துவிட்டேன்.

நான் இட்லிமாவு அரைத்து விற்கிறவள். என் வீட்டுக்காரருக்குக் கொச்சங்காடியில் ஒரு சுக்குக் கிடங்கில் வேலை. கல்யாணமான கையோடு கூட்டி வந்தார். பிள்ளை இல்லை. அவர் போன பிறகு, ஊருக்கே வந்துவிடு என்று தங்கச்சி பேச்சி எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டாள். போய் அவள் வீட்டில் ஒரு மூலையில் உட்காருவதா? கடை இருக்கிறது, காலும் கையும் இருக்கிறது என்று இங்கேயே இருந்துவிட்டேன். அது பாதி உண்மை. மீதி உண்மை பக்கத்து வீட்டுச் சுலைகா. அவர் இறந்த அன்று ஊரிலிருந்து என் சனங்கள் வந்து சேரும்வரை என் தலையைத் தன் மடியில் வைத்திருந்தவள் அவள். அவள் வீட்டு நெய்ச்சோறு பெருநாளைக்கு எனக்கு வராமல் இருந்ததில்லை. சாயங்காலம் கடையைச் சாத்தியதும் நான் போய் உட்காரும் ஒரே வீடு அதுதான்.

சுலைகாவின் மகள் ஷிஃபா. சின்னதிலிருந்து நாடகம், மேடை என்று அலைந்த பிள்ளை. சினிமாவில் ஓரமாகத் தலைகாட்டிக்கொண்டிருந்தவளுக்கு இந்த வருஷம்தான் பெரிய வேஷம் கிடைத்தது. கொச்சிக்குப் பிழைக்க வந்து, பூக்கட்டி விற்கும் தமிழ்ப் பெண். அதற்காகத்தான் சிறந்த நடிகைக்குக் கடைசிச் சுற்றில் நிற்கிறாள். தெருவே தலைகால் புரியாமல் ஆடியது. நான் அதுவரை படத்தைப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் சுலைகா வீட்டு டிவியில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். பழம்பொரியும் சாயாவும் சுற்றி வந்தன. ஷிஃபா வேறொரு படப்பிடிப்புக்காகத் திருவனந்தபுரம் போயிருந்தாள்.

படம் முடிந்ததும் எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. "அக்கா பறையட்டே. தமிழு எங்ஙனெயுண்டு?" என்றார் ஜோசிச் சேட்டன். பிள்ளை பேசுகிற தமிழ் எப்படி என்று நான் சொல்ல வேண்டுமாம். தெருவில் ஒரே தமிழச்சி நான்தானே, நான்தான் நீதிபதி. 'நல்லா இருக்கு' என்று சொல்லிவிட்டுப் பழம்பொரியைத் தின்றிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே!

"அழுகையெல்லாம் சரிதான். ஆனா தமிழச்சி மாதிரியே இல்ல. எங்க ஊருப் பொம்பள இப்படியா பேசுவா? எதுக்கெடுத்தாலும் 'சாரமில்ல', 'கேட்டோ'ன்னு மலையாளத்த இழுத்துக்கிட்டு. தலையை ஒரு பக்கமா சாய்க்கிறதும், நிமிஷத்துக்கொரு தடவை கையை முந்தானைல துடைக்கிறதும்... வேஷம் கட்டுன மாதிரி இருக்கு. விருது குடுக்கிற கூட்டத்துல ஒரு தமிழன் இருந்தா கிடைக்காது."

யாரும் சிரிக்கவில்லை. ஜோசிச் சேட்டன் கூரையைப் பார்த்தார். சுலைகா கிளாஸ்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர்கள் உரித்துத் தொங்கவிடுவதெல்லாம் ஊரான் வீட்டுப் பிள்ளைகளை. தெருப் பிள்ளை என்றால் பேச்சே வேறு. எங்கள் பக்கம் தலைகீழ். நடிகரைத் தொடவிட மாட்டோம். சொந்தப் பிள்ளையைத்தான் முதலில் திட்டுவோம், திட்டிவிட்டுச் சேர்ந்து சாப்பிடுவோம். இந்த வித்தியாசத்தை இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் நான் கண்டுகொள்ளவில்லை.

சுலைகா சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி, அழுது, தீர்த்திருப்பேன். அவள் சண்டை போடவில்லை. மறுநாள் மாவு வாங்க வரவில்லை. கேட்டதற்கு, "இந்நு அப்பமாணு" என்றாள், முகம் பார்க்காமல். இன்றைக்கு ஆப்பம், நாளைக்குப் புட்டு. என் அடுக்களைக்கு எதிரே இருக்கும் அவள் ஜன்னல் சாத்தியே கிடந்தது. கடையைச் சாத்திவிட்டு எங்கே போவதென்று தெரியவில்லை. படகுத்துறை வரை நடந்து திரும்பி வந்தேன். பிழைக்க வந்தவர்களுக்கு இது தெரியும்: சொந்த ஊரில் ஒரு வீடு கதவடைத்தால் தெருவில் வேறு வீடுகள் இருக்கும். இங்கே எனக்கு இருந்தது ஒரு வீடுதான். அன்று சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை பேச்சி கூப்பிட்டாள். எடுத்ததுமே சிரிப்பு.

"யக்கா! உன்ன வச்சுப் படம் எடுத்திருக்காக, நீ மூச்சு விடலியே!"

"என்னத்த வச்சு?"

"அந்தப் பூக்காரிதான். உங்க தெருப் பிள்ள நடிச்சதுன்னு நீதான சொன்ன. வீட்டோட உக்காந்து பாத்தோம். அப்படியே நீதான்க்கா. அந்தத் தலைச் சாய்ப்பு, அந்த முந்தானை."

"போடி, அது பேசுறது தமிழா?"

"அப்ப நீ பேசுறது? நீ பொங்கலுக்கு வந்துட்டுப் போனா, 'மலையாளத்துப் பெரியம்மா'ன்னு பிள்ளைக உன்ன மாதிரியே பேசிக் காட்டும். உனக்குச் சங்கடமா இருக்கும்னு நாங்க சொல்லுததில்ல."

"சாரமில்ல, விடு" என்றேன்.

"இந்தா! இதத்தான் அவளும் சொல்லுதா!" என்று கத்தினாள் பேச்சி.

சிரித்து ஓய்ந்தபின் அவள் குரல் இறங்கியது. "கடைசியில அவ தனியா உக்காந்து சோறு திங்குதால்ல, அந்த இடத்துல எங்க யாருக்கும் சிரிப்பு வரல. யக்கா, நீ அங்க அப்படித்தான் இருக்கியா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன், கேட்டோ" என்றேன். சொன்ன பிறகுதான் அந்தக் 'கேட்டோ' என் காதிலேயே விழுந்தது.

ஊரில் என்னை நடித்துக் காட்டிச் சிரிக்கிறார்கள். இங்கே என்னை நடித்துக் காட்டிய பிள்ளையை நான் கேலி பண்ணிவிட்டு வந்திருக்கிறேன். செருப்பைக்கூடப் போடாமல் சுலைகா வீட்டுக்குப் போனேன். அவள் டிவி முன்னால் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். "ஷிஃபா என்னையா நடிச்சா?" என்று வாசலிலேயே நின்று கேட்டேன்.

சுலைகா நிமிர்ந்து பார்த்தாள். "இப்பழாணோ மனசிலாயது?" என்றாள். இப்போதுதான் புரிந்ததா என்று. மாவு வாங்க வந்த பிள்ளை கடையில் மணிக்கணக்காக நின்றது எதற்கு என்று நினைத்தாய் என்றாள். அக்காவே கண்டுபிடிக்கட்டும், சந்தோஷப்படுவாள் என்று ஷிஃபா யாரிடமும் சொல்லக்கூடாதென்று சத்தியம் வாங்கியிருந்தாளாம். "அக்கா பறஞ்ஞது கேட்டு அவள் கரஞ்ஞு." நான் சொன்னதைக் கேட்டுப் பிள்ளை அழுதிருக்கிறாள். தெரியாமல் சொல்லிவிட்டேன் சுலைகா என்றேன். அவள் முறத்தைத் தள்ளிவைத்து, உட்கார இடம் விட்டாள்.

அந்தப் படத்தை இன்னொரு தடவை போடச் சொன்னேன். சுலைகா போட்டுவிட்டு, ஒரு தட்டில் சோறும் மீன்கறியும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். திரையில் அந்தப் பூக்காரி கடையைச் சாத்தினாள், கையை முந்தானையில் துடைத்தாள், சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். நானும் ஒரு வாய் எடுத்தேன். எந்த ஊர்க்காரியோ பாவம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.