இரண்டு மீசையும் பதினைந்து ஷட்டர்களும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு நாற்பத்திரண்டு. முதலில் கண்ணில் பட்டது ஒரு மீசை. போன் திரை முழுக்க மீசை.

வீடியோ காலில் போனை எவ்வளவு தள்ளிப் பிடிக்க வேண்டும் என்பது என் மைத்துனர் மதியழகனுக்கு இன்னும் பிடிபடவில்லை. நான் தஞ்சாவூரில், படுக்கையில். அவர் கும்பகோணம் – மயிலாடுதுறை சாலையில், அவர் ஊர் ஆற்றுப் பாலத்து டீக்கடையில்.

"அத்தான், தூங்குறீங்களா?"

இந்தக் கேள்விக்கு உலகத்தில் யாராவது ஆமாம் என்று பதில் சொல்லியிருக்கிறார்களா?

"நம்ம ரெகுலேட்டர்ல ஷட்டர் எத்தன? சட்டுனு சொல்லுங்க."

ரெகுலேட்டர் என்றால், ஆற்றுத் தண்ணீரைத் தேக்கி வாய்க்கால்களுக்குத் திருப்பிவிட பாலத்தோடு சேர்த்துக் கட்டியிருப்பது; ஷட்டர், அதன் இரும்புக் கதவு. ஆனால் அந்த நேரத்தில் அது எதற்கு?

விஷயம் இதுதான். மதியின் மகளுக்குப் பத்து நாளில் கல்யாணம். மண்டபத்துச் சாப்பாடு பற்றிப் பேச சீர்காழியிலிருந்து சம்பந்தி வந்திருக்கிறார். டீ வரும்வரை சும்மா இருக்கக் கூடாதே என்று, கட்டைவிரலால் முதுகுப் பக்கம் காட்டி, "இதுல எத்தன ஷட்டருங்க சம்பந்தி?" என்று கேட்டிருக்கிறார்.

மதி யோசிக்கவே இல்லை. "பதிமூணு."

சம்பந்தி போனை எடுத்துத் தேடினார். "பதினஞ்சுன்னு போட்டிருக்குங்களே."

அங்கேயே விட்டிருக்கலாம். விடுவார்களா?

"தெனம் நாலு தரம் இதுமேலதாங்க போறேன், வர்றேன். பதிமூணு இல்லன்னா மீசைய எடுத்துடுறேன்."

"பதினஞ்சு இல்லன்னா நானும் எடுத்துடுறேங்க, சம்பந்தி."

மரியாதை குறையாத பந்தயம். டீக்கடையில் ஏழெட்டுப் பேர் சாட்சி.

சிரிக்க வேண்டாம். எங்கள் பக்கம் மீசை வைத்தவர் மீசையை மழித்தால் வீட்டில் துக்கம் என்று அர்த்தம். கல்யாண மேடையில் பெண்ணைப் பெற்றவரோ பிள்ளையைப் பெற்றவரோ வெறும் உதட்டோடு நின்றால், வருகிறவர்கள் சந்தனத்தைத் தொடும் முன்பே 'யாரு தவறிட்டாங்க?' என்று கேட்பார்கள்.

நானும் தேடினேன். முதல் வரியிலேயே கொட்டை எழுத்தில் 15. அடுத்து ஒரு சுற்றுலாப் பக்கம் – 15. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கான ஒரு வினா வங்கி – விடை (இ) 15. அதற்கும் கீழே ஒரு வீடியோ – அதிலும் 15. மதியின் மீசை போயே போச்சு.

ஆனால் நான் செய்தி அறையில் இருபத்தாறு வருடம் இருந்தவன். நாலு பேர் ஒரே விஷயத்தைச் சொன்னால் நம்பலாம். ஒரே வார்த்தையில் சொன்னால்? நாலு இடத்திலும் ஷட்டர்கள் 'குளிக்க இறங்கும் யானைகளைப் போல' வரிசையாக நின்றன. நாலு பேருக்குமா யானை தோன்றும்?

யானையின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பின்னால் போனேன். கடைசியில் போய் நின்ற இடம்... பேப்பரில் நான் எழுதிவரும் இதே பத்தி. மூன்று வருடத்துக்கு முன்னால் நான் எழுதியது.

எதை எழுதினாலும் யார் சொன்னது என்று நோட்டில் குறித்துவைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. எழுந்து போய் அந்த வருடத்து நோட்டைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்தேதான்: 'ஷட்டர் 15 – மதி, போனில்.'

"மதி, எனக்குப் பதினஞ்சுன்னு சொன்னதே நீதான்."



"நானா?"

"நீதான்."

"அன்னிக்கு நடவு ஆளுங்க நின்னுருப்பாங்க அத்தான். போன வச்சா போதும்னு வாய்க்கு வந்தத சொல்லியிருப்பேன். நீங்க அத பேப்பர்ல போடுவீங்கன்னு நான் கண்டேனா?"

திரைக்குள் சம்பந்தியின் முகம் நுழைந்தது. "அப்ப நான் தேடிக் கண்டுபிடிச்சது... சம்பந்தி சொன்னதத்தானுங்களா?"

அதிர்ச்சியில் மதி போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். அப்போதுதான் பார்த்தேன். அவர் காதுக்குப் பின்னால், நாற்பது அடி தூரத்தில், காலை வெயிலில் பளிச்சென்று – ரெகுலேட்டர்.

"மதி, திரும்பிப் பாரு."

போனோடு திரும்பினார். ஒவ்வொரு ஷட்டரிலும் வெள்ளை பெயின்ட்டில் ஆள் உயரத்துக்கு நம்பர். 1, 2, 3... கேமரா மெல்ல நகர்ந்தது. 12. 13. மதி தொண்டையைக் கனைத்துக்கொண்டு வெற்றிப் பேச்சுக்குத் தயாரானார். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. 14. அதற்குப் பக்கத்தில் சுவர்.

"இத எப்ப எழுதுனாங்க?" என்றார் மதி.

"எனக்கு வெவரம் தெரிஞ்ச நாளா இருக்கு" என்றது ஒரு குரல். டீக்கடைக்காரராக இருக்கும்.

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. சாட்சிகள் ஏழெட்டுப் பேரும் அதுவரை போனில்தான் தேடிக்கொண்டிருந்தார்களாம், ரெகுலேட்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. சிக்னல் அந்தப் பக்கம்தான் நன்றாக வருமாம்! படுக்கையில் கிடந்தபடி நான் செய்ததும் அதைத்தானே? பதில் தூரத்திலிருந்து வந்தால்தான் நமக்கு அது பதில் மாதிரி இருக்கிறது.

சிரிப்பு அடங்கியதும் உறைத்தது. பதின்மூன்றும் தப்பு, பதினைந்தும் தப்பு. பந்தயப்படி இரண்டு மீசையும் போக வேண்டும். இரண்டு பேருமே சொன்ன சொல்லை மாற்றாதவர்கள். டீக்கடைக்கு அடுத்த கடை சலூன். ஞாயிற்றுக்கிழமை வேறு, திறந்திருந்தது. இரண்டு பேரும் எழுந்தே விட்டார்கள்.

காபி டம்ளரோடு பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி கோகிலா, மதியின் அக்கா, போனை என் கையிலிருந்து வாங்கினாள்.

"டேய், சலூன் பக்கம் போன, கால ஒடிச்சிடுவேன். சம்பந்தி, நீங்களும் உக்காருங்க. இவன் தப்பா சொன்னான். நீங்க அத நம்புனீங்க. ஆனா பேப்பர்ல போட்டது யாரு?"



"உன் தம்பி சொன்னதாத்தான் எழுதி வச்சிருக்கேன்" என்று நோட்டைக் காட்டினேன்.

"போய் எண்ணிப் பாத்தீங்களா?"

இதே கேள்வியை எத்தனை இளம் நிருபர்களிடம் கேட்டிருப்பேன்! எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டுத் தரை மொசைக்.

"ரெண்டு மீசைக்குப் பதிலா ஒரு மீச. சம்மதமா சம்பந்தி?"

"நாங்க எப்படிங்க அதச் சொல்றது..." என்று இழுத்தார் சம்பந்தி. முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"அக்கா, அத்தானும் கல்யாணத்துல நிக்கணுமே?"

"போட்டோவுல அவரு எப்பவும் ஓரமாத்தான்டா நிப்பாரு. வெட்டிக்கலாம்."

ஆகவே ஒரு திருத்தம். அந்த ரெகுலேட்டரில் உள்ள ஷட்டர்கள் பதினான்கு. யானைகள் இருந்துவிட்டுப் போகட்டும்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மேடையில் இரண்டு அப்பாக்களும் மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு நின்றார்கள்.

இந்தப் பத்தியின் மேலே இருக்கும் என் படம் போன வருடம் எடுத்தது.