இஞ்ஞாசியின் விலா எலும்புகள்

இஞ்ஞாசி சேசுவாக நடிக்கத் தொடங்கியது நாற்பத்தொரு வயதில், உடம்பு இளைத்த பிறகு. அதற்கு முன், சேசுவின் சிலுவைப்பாடுகளைக் காட்டும் பங்குக் கோயிலின் பாஸ்கா நாடகத்தில் ஈட்டி பிடித்து நிற்கும் படைவீரர்களில் அவன் ஒருவன். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் பதினெட்டு வருடம் கல் அரைத்தான். நெஞ்சில் தூசு படிந்துவிட்டது, இனி அது போகாது என்று டாக்டர் சொன்ன வருடம்தான், நாடகத்தை நடத்தும் கோயில் உபதேசியார் அவன் வீட்டுக்கு வந்தார்.

"சட்டையக் கழட்டுப்பா."

கழற்றினான். அவர் சுற்றி வந்து பார்த்தார். "அச்சு அசல் பாடுபட்ட சொரூபம். மேக்கப்பே வேணாம்."

இஞ்ஞாசிக்குச் சந்தோஷம்தான். வேலை போன பிறகு அவனைத் தேடி யாரும் வந்ததில்லை.

மூன்றாவது வருடம் இன்னும் இளைத்திருந்தான். பெரிய வெள்ளி, மதியம் மூன்று மணி. சிலுவையில் கைகளை விரித்துக் கட்டியதும் மூச்சு முட்டியது. அவன் இருமினான், பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். "இறக்குங்க" என்று இரண்டு தடவை சொன்னான். உபதேசியார் மைக்கைப் பொத்திக்கொண்டு, "கடைசி வசனம் முடியட்டும்" என்றார்.

இறக்கியபோது வாயெல்லாம் ரத்தம். பங்குச் சாமியார் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "துன்பத்துல எவ்வளவு அழகு இருக்குதுன்னு இன்னைக்குத்தான் பாத்தேன்."

இஞ்ஞாசியின் மனைவி அமிர்தம் அவன் வாயைத் துடைத்த முந்தானையை அவர் முன்னே நீட்டினாள். "சாயம் இல்ல சாமி. மோந்து பாருங்க."

மறுநாள் இஞ்ஞாசி உபதேசியாரிடம் போனான். "நாளைக்குக் காலையில உயிர்த்து வர சேசுவாவும் நானே வரேங்க. நடந்துதான வரணும்?"

"அதுக்கு ஆல்பர்ட்டு இருக்கான். ஜிம்முக்குப் போற உடம்பு. உன்னப் பாத்தா சனங்களுக்கு நம்பிக்கை வருமா?"

"தோமையாரு சேசுவோட காயத்தத் தொட்டுப் பாத்துதான் நம்புனாருங்க. காயத்தோடதான எழுந்து வந்தாரு?"

"அது பைபிள்ல. இது மேடை."

ஞாயிற்றுக்கிழமை காலை அட்டைக் கல்லறை திறந்தது. வெள்ளைப் பட்டில் ஆல்பர்ட் வந்தான், வெடி வெடித்தார்கள். பின்வரிசையில் இருந்த இஞ்ஞாசி சட்டையைக் கழற்றிவிட்டு நடந்தான். நின்று மூச்சு வாங்கி, மறுபடி நடந்து, மேடையேறி ஆல்பர்ட்டின் பக்கத்தில் நின்றான். ஒரு குழந்தை பயந்து வீறிட்டது. சிரிப்பும் கேட்டது.

"நானும் எழுந்துட்டேன்" என்றான், மைக் இல்லாமல்.

இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்து அவனை இறக்கினார்கள். உபதேசியார் பாடலைச் சத்தமாக வைக்கச் சொன்னார்.

"ஏன்யா மானத்த வாங்குற?" என்று அமிர்தம் அழுதாள்.

"யாராச்சும் வந்து தொட்டுப் பாப்பாங்கன்னு நெனச்சேன்."

ஆடி மாதம் அவன் செத்துப்போனான். அமிர்தம் இப்போதும் ஞாயிறு பூசைக்குப் போகிறாள். பெரிய வெள்ளியன்று மட்டும் போவதில்லை. அன்று அவன் வேலை பார்த்த அதே பட்டறையில் ஆள் குறைவு. கல் அரைக்க அவளைக் கூப்பிடுகிறார்கள்.