மீன்காரியின் தூக்குவாளி

தீவில், மின்னி பே குடியிருப்பிலிருந்து அபர்டீன் பஜாருக்கு மீன் வாங்கப் போகும்போதெல்லாம் உமா மகேஸ்வரி ஒரே எவர்சில்வர் தூக்குவாளியைத்தான் கொண்டுபோவாள். பதினோரு வருடப் பழக்கம். அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. பிளாஸ்டிக் பையோடு யாரைக் கண்டாலும் நிறுத்தி, கடலில் சாகும் ஆமைகளின் கதையை ஆரம்பித்துவிடுவாள். அவள் தூரத்தில் வரும்போதே பஜாரில் பைகள் முந்தானைக்குள் போய்விடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாளியை டவுன் பஸ்ஸில் விட்டுவிட்டாள். வீட்டில் விருந்தாளிகள். மீன்காரி ஜாக்குலின் சூரை மீனை வெட்டிக் கழுவிய பிறகுதான் உமாவுக்குத் தன் கை வெறுமையாக இருப்பது தெரிந்தது.

“இன்னைக்கு ஒரு நாளு கவர்ல வாங்கிட்டுப் போங்க மேடம். ஆமகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்.”

“லே லோ மேடம், கோயி நஹி தேகேகா,” என்றான் பக்கத்துக் கடைக்காரன். யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அவன் சொன்னதைக் கேட்டு எல்லாரும் பார்த்தார்கள்.

வாங்கினால் பதினோரு வருடப் பேச்சும் அந்தக் கவருக்குள் போய்விடும். உமா அசையவில்லை. கடைசியில் ஜாக்குலின் தன் தூக்குவாளியிலிருந்த மத்தியானக் கஞ்சியைச் சாக்கடையில் கொட்டி, கழுவி, மீனைப் போட்டு நீட்டினாள்.

“பிடிங்க. ஒரு நேரம் பட்டினி கெடந்தா நமக்கென்ன குறைஞ்சா போவும்?”

ஆமை பிழைத்த நிறைவோடு உமா வீடு திரும்பினாள். கஞ்சியின் நினைவு சாப்பிடும்போதுதான் வந்தது.

அடுத்தவர் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவது அவள் வீட்டில் வழக்கமில்லை. எதை வைத்துக் கொடுப்பது? பாயசம் அதிகமாகப் பட்டது. கஞ்சி குத்திக்காட்டுவது போலிருந்தது. யோசித்து முடிப்பதற்குள் கார் நிக்கோபார் தீவுக்கு மாற்றல் வந்தது. கப்பலேறிய சாமான்களில் அந்த வாளியும் இருந்தது.

அங்கே இப்போது அதில்தான் மீன் வாங்குகிறாள். ஆமைக் கதையைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டாள். வாளி ஜாக்குலினுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.