சொந்தக்காரர் அல்லாதவர்களை அனுப்பு, தாயே

யாழினி, கவின், அப்பா எழுதுகிறேன். அமாவாசையன்று அங்காளம்மன் கோயிலில் ஜனங்கள் முன்னால் நின்று நான் சொன்னதை நீங்கள் பாதிதான் கேட்டீர்கள். மைக் கரகரத்தது, கவின் தூங்கிவிட்டான். அதனால் ஒன்றும் விடாமல் எழுதி வைக்கிறேன். இதில் ரத்தம் இருக்கிறது. பயப்படாமல் படியுங்கள்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. போர்க்குழாயில் காற்றுதான் வந்தது. கரும்பு கருகுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார முடியவில்லை. செல்போனில் வீடியோ போட ஆரம்பித்தேன். மருந்து தெளிப்பான், களை எடுக்கும் கருவி, தலையில் கட்டும் லைட், இவற்றை எப்படி உபயோகிப்பது என்று காட்டி, கீழே ஒரு லிங்க் கொடுக்க வேண்டும். அதை அழுத்தி யாராவது பொருள் வாங்கினால் ஆன்லைன் கம்பெனி நமக்குக் கமிஷன் தரும். அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்று பெயர். முதலில் சும்மா சேர்த்துக்கொள்வார்கள். கொஞ்சம் விற்றுக் காட்டிய பிறகுதான் நிரந்தரமாக ஏற்பதா வேண்டாமா என்று பார்ப்பார்கள்.

நம் சொந்தபந்தம் இதைக் காதுகுத்து என்று நினைத்துவிட்டது. "மாப்ள கடை தொறந்துக்கிறாரு, நாம மொய் வெக்கலன்னா நல்லா இருக்குமா" என்று ஆளாளுக்கு என் லிங்கை அழுத்தினார்கள். பெரியப்பா தெளிப்பான் வாங்கினார். கண் சரியாகத் தெரியாத அத்தைகூடத் தலை லைட் வாங்கினாள். பார்சல் கொண்டுவரும் ஆளுக்கு நம் வீடு மட்டும்தான் தெரியும் என்பதால் எல்லோரும் நம் வீட்டு விலாசத்தையே போட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கம்பெனி நிராகரித்துவிட்டது. இங்கிலீஷில் வந்த மெயிலை எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு ஓடினேன். விவசாயக் கருவிக் கடை வைத்திருக்கும் ரஹ்மான் பாய் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"இன்னாப்பா இது, அத்தினி பொருளும் உன் வூட்டுக்கே வந்துகீது. நீயே வாங்கி நீயே கமிஷன் துன்றேன்னு நெனச்சிட்டான்."

"சொந்தக்காரங்க ஆசையா வாங்கினாங்க பாய்."

"அதான் தப்பு. இது இன்னா கல்யாணமா, மொய் எழுத? உன்ன யாருன்னே தெரியாதவன் வாங்கணும்பா."

வேறொரு கம்பெனியிலும் கேட்டுப் பார்த்தேன். உன் வீடியோவை ஆட்களே பார்க்கவில்லை என்று அவர்களும் தள்ளிவிட்டார்கள்.

இந்தச் சேதி பெங்களூர் வரைக்கும் போனது. அங்கே மேஸ்திரியாக இருக்கும் உங்கள் மாமா பஸ் பிடித்து வந்து வாசலில் நின்றார். "எங்க எல்லாரையும் திருட்டுப் பசங்கன்னு ஒரு கம்பெனிக்காரன் எழுதுற மாதிரி பண்ணிட்டியே மாப்ள. இன்னும் எத்தினி நாளைக்குப் போன நோண்டிக்கினு குந்தினு இருப்ப? என் தங்கச்சி வூட்டுல அரிசி கீதா இல்லியா?"

"வார்த்தைய அளந்து பேசு மச்சான்" என்றேன்.

முதல் அறை காதில் விழுந்தது. அடுத்தது வாயில். பல்லில் பட்டு உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். என் கையிலிருந்த போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தார். நான் அவர் கழுத்தைப் பிடித்தேன். இருவரும் மாட்டுக்கொட்டகைச் சாணியில் உருண்டோம். விலக்க வந்த உங்கள் அம்மாவின் மூக்கில் யாருடைய முழங்கையோ இடித்து அவள் மூக்குத்தி வளைந்தது. அவள் முகத்தில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் விட்டோம். யாழினி கதவுக்குப் பின்னால் நின்று நடுங்கியது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

மாமா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "ஆடி முடிஞ்சதும் நீ என்கூட சென்ட்ரிங் வேலைக்கு வர. வருஷத்துக்கு ஒரு தபா புள்ளைங்கள வந்து பாரு, போதும்."

அதுதான் என்னைக் கொன்றது, அடி இல்லை. உங்களை வருஷத்துக்கு ஒருமுறை பார்ப்பதா?

மறுநாள் காலை வீங்கிய உதட்டோடு கோயிலுக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. வெளியே சூலத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பெரிய வேண்டுதல் ஒன்றும் தெரியவில்லை. "தாயே, சொந்தக்காரங்க போதும். என்னத் தெரியாதவங்கள அனுப்பு. என் புள்ளைங்ககிட்ட என்னய இருக்க வுடு." இவ்வளவுதான் கேட்டேன்.

கேட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. ரஹ்மான் பாய் புதிதாக வந்த, நீளக் குழாயின் நுனியில் பிளேடு சுற்றும் புல்வெட்டும் மிஷினைக் கடனாகக் கொடுத்தார். "நல்ல காட்டுல வெச்சி வீடியோ எடு. வரப்புல வெட்டினா எவன் பாப்பான்" என்றார். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் மரவள்ளி போட்டிருக்கும் சடையன் அண்ணனிடம் போனேன். கரும்பு வெட்டக் கீழே வரும்போது பழக்கமானவர். அவருடைய மரவள்ளிக் கொல்லை ஓரத்தில் ஆள் உயரத்துக்குப் புதர்.

"தம்பி, இதுல பன்னி படுத்துக்கும். சத்தம் போட்டுக்கினே போ" என்றார்.

"மிஷினே சத்தம் போடும்ணே" என்று சிரித்தேன்.

போனை வேலிக்கல்லில் சாய்த்து வைத்தேன். திரை நொறுங்கியிருந்தாலும் கேமரா வேலை செய்தது. மிஷினை முடுக்கிப் புதரில் இறங்கினேன். நாலு வீச்சு வீசியிருப்பேன். புதர் வெடித்தது மாதிரி இருந்தது. கறுப்பாக ஒன்று என்மேல் வந்து மோதியது. தொடையில் கொள்ளிக்கட்டையைச் செருகியது போல எரிந்தது. தூக்கி எறியப்பட்டு மல்லாந்து விழுந்தேன். காட்டுப்பன்றி திரும்பியது. அதன் கொம்புப் பல்லில் என் கைலித் துணி தொங்கியது. "அங்காளம்மா" என்று கத்தினேன். வேறு சொல் வாயில் வரவில்லை. பயத்தில் விரல் மிஷின் விசையை விடவே இல்லை. பன்றி பாய்ந்த வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்த பிளேடு அதன் மூஞ்சியைக் கிழித்தது. சூடான ரத்தம் என் கண்ணிலும் வாயிலும் தெறித்தது. அது அலறியது, நானும் அலறினேன். பின்வாங்கி மறுபடி வந்தது. மறுபடி பிளேடு. அதற்குள் சடையன் அண்ணன் கடப்பாரையோடு ஓடிவர, அது காட்டுக்குள் பாய்ந்து மறைந்தது.

அவர் தன் துண்டால் என் தொடையை இறுக்கிக் கட்டினார். மரவள்ளி மூட்டை ஏற்றும் வண்டியில், வளைவுக்கு வளைவு உருண்டுகொண்டே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தேன். இன்னும் அரை விரற்கடை உள்ளே போயிருந்தால் பெரிய ரத்தக் குழாய் அறுந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

போனில் எல்லாம் பதிவாகியிருந்தது. உங்கள் அம்மா முதலிலிருந்து இரண்டு தரம் பார்த்தாள். பிறகு, "தாயி பேரச் சொல்லிக் கத்தறீங்க. அவ காப்பாத்தினத மறைக்கக் கூடாது. போடுங்க" என்றாள்.

போட்டேன். ஜனங்கள் வந்தார்கள். தேனியிலிருந்து, தர்மபுரியிலிருந்து, மலேசியாவிலிருந்து. ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது. "அண்ணே, கால் எப்படி இருக்கு?" என்று ஒருவர் எழுதினால் அடுத்தவர் "அந்த மிஷின் எங்க கிடைக்கும்?" என்று எழுதினார். பழைய வீடியோக்களையும் தேடிப் பார்த்தார்கள். கட்டில் படுக்கையிலிருந்தே மறுபடி விண்ணப்பித்தேன். இரண்டு கம்பெனிகளும் ஏற்றுக்கொண்டன. இந்த மெயிலையும் பாய்தான் படித்துக் காட்டினார்.

மாமாவும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கால்மாட்டில் நின்று, "ஊர்ல எல்லாரும் அந்தப் பன்னிய நான்தான் அனுப்பினேன்றாங்க மாப்ள" என்றார். பிறகு மெதுவாக, "அந்த லிங்க் குடேன், நானும் ஒரு மிஷின் வாங்கறேன்" என்றார்.

"வாணாம் மச்சான். நீ சொந்தக்காரன்" என்றேன். தையல் வலிக்க வலிக்க இருவரும் சிரித்தோம். பெங்களூர்ப் பேச்சு அதோடு முடிந்தது. இப்போது தினமும் உங்களைப் பள்ளிக்கூடத்தில் விடுவது நான்தான்.

பிள்ளைகளே, இதைப் படிக்கும் அம்மனின் ஜனங்களே, தெரியாதவர்களை அனுப்பு என்று கேட்டேன். முதலில் பன்றியை அனுப்பினாள். அவள் அப்படித்தான். மயானக் கொள்ளையன்று சுடுகாட்டையே சூறையாடும் தாய் பூப்போல வருவாள் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனால் வருவாள். உதடு கிழிந்த வாயால் கேட்டாலும் காது கொடுப்பாள். கேட்டுப் பாருங்கள்.

கோயிலில் சொல்லிவிட்டு வந்த மறுநாள், நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, நான் தனியாகப் போனை எடுத்து உட்கார்ந்தேன். தேடித் தேடி ஒரு வீடியோ கண்டுபிடித்தேன். எந்த ஊர் என்று தெரியாத ஒரு பெண், நடுங்கும் குரலில், தேங்காய் துருவுவதைப் பற்றிப் பேசினாள். யாரும் பார்த்த மாதிரி தெரியவில்லை. முழுவதும் பார்த்தேன். பிறகு கீழே இருந்த அவள் லிங்கை அழுத்தி, ஒரு தேங்காய்த் துருவி வாங்கினேன்.