பக்கத்து நாற்காலிக்காரி

அதிபர் தூங்கும்போது வாயைத் திறந்து வைத்துக்கொண்டுதான் தூங்குவார். அவர் பெயரை உரக்கச் சொல்ல நாடே நடுங்கிய காலத்தில், அந்த வாயின் ஓரத்தில் எச்சில் வழிவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதுதான் ஆயாம்மாவின் வேலை. துடைக்கக் கூடாது, தொடக் கூடாது. விழித்திருக்கும்போது அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவும் கூடாது. தூங்கும்போது மட்டும் மூச்சு வருகிறதா என்று பார்க்கலாம். சிங்கம், மலை, சூரியன் என்று சுவரொட்டிகளில் எழுதப்பட்ட மனிதர் கால் பெருவிரலைச் சொறிந்துகொண்டே உளறுவதை அவள் அளவுக்குக் கேட்டவர்கள் அந்த நாட்டில் இல்லை. உளறலில் பாதி, செத்துப்போன தன் அம்மாவோடு அவர் போடும் சண்டை.

இந்த நாற்காலிக்கு அவள் வந்து சேர்ந்ததே ஒரு பொய்யால்தான். அந்தப் பொய்யை அவள் சொல்லவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை.

அரசு ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு ஆயா அவள். புருஷன் கப்பலில் வேலை என்று போனவன். கடிதமும் வரவில்லை, கப்பலும் மூழ்கவில்லை. மகளை மருந்து வாடையிலும் பினாயில் வாடையிலுமே வளர்த்து ஆளாக்கினாள். அந்த வார்டில் ஆயாம்மா வேலை பார்க்கும் முறையில் யாரும் சாக மாட்டார்கள் என்று ஒரு பேச்சு மெல்லக் கிளம்பி, வாயிலிருந்து வாய்க்குத் தாவி ஊர் முழுக்கப் பரவியது. உண்மை வேறு. அங்கிருந்த தலைமை நர்சம்மாவுக்குத் தன் வார்டில் சாவு விழுவது பிடிக்காது. மேல்மூச்சு வாங்க ஆரம்பித்ததுமே நோயாளியைப் பின்கட்டு வார்டுக்குத் தள்ளிவிடச் சொல்வார். தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போவதே ஆயாம்மாதான். அவர்கள் அங்கே போய்ச் செத்தார்கள், இங்கே இவளுக்கு ராசிக்காரி என்று பெயர் வந்தது. ராசிக்காரி என்ற பட்டம் யாருக்குக் கசக்கும்? அவளும் சும்மா இருந்துவிட்டாள்.

அரண்மனைக்காரர்கள் காதில் இது விழுந்தது. காரோடு வந்து நின்றார்கள்.

அவர்கள் அப்படி ஓடி வந்ததற்குக் காரணம் ஒரு விருந்து. அதிபர் ஆட்சியைப் பிடித்த நாளைக் கொண்டாட வருஷா வருஷம் நடக்கும் விருந்தில் ஆரூடக்காரர்கள் வரிசையில் நின்று, நூறு வயது என்று ஒருவரும், நூற்றைத் தாண்டும் என்று இன்னொருவரும் பல்லை இளித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த வருஷம் வரிசையின் கடைசியில் நின்றது, கழுத்து வியர்த்த ஒரு குட்டை மனிதர். "ஐயா போற நேரத்துல பக்கத்துல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க" என்று அவர் சொல்லிவிட்டார். கூடத்தில் தட்டுச் சத்தம்கூட நின்றுபோனது.

கொஞ்சமாவது நெஞ்சில் ஈரம் உள்ளவன் அந்த வார்த்தையைக் கேட்டால், ஏன் இருக்க மாட்டார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருப்பான். அதிபருக்கு அந்தக் கேள்வி எழவே இல்லை. அவர் புத்தி கடைக்காரன் தராசைத் தட்டுகிற மாதிரி வேலை செய்தது. பக்கத்தில் யாரும் இல்லாதபோதுதான் சாவு வரும் என்றால், எப்போதும் யாராவது இருந்தால் சாவே வராது! சாவையே ஏமாற்றிவிட்டதாக நினைத்துத் தொடையைத் தட்டிச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அவர் சிரித்தால் எல்லாரும் சிரிக்க வேண்டும்.

மறுநாளே கட்டிலைச் சுற்றி நாற்காலிகள் வந்தன. குளியலறைக் கதவைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு நாட்டின் அதிபர், அடுத்தவர் கண் முன்னால் கழிப்பறையில் குந்துகிற நிலைக்குத் தானாகவே வந்து சேர்ந்தார். அதில் அவருக்கு வெட்கமே இல்லை. ஆரூடக்காரரைச் சிறையில் தள்ளியவர்கள் சில நாளில் வெளியே இழுத்து வந்து ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அது அதிபருடைய மச்சினரின் யோசனை. "சொன்னவனே பக்கத்துல குந்தியிருந்தா சொன்னது எப்படி அத்தான் பலிக்கும்?" என்று அவர் கேட்டதை அதிபர் அறிவின் உச்சம் என்று பாராட்டினார். மச்சினர் காவல் துறைக்குத் தலைவர். அக்காளைக் கட்டிக் கொடுத்ததைத் தவிர வாழ்க்கையில் உருப்படியாக ஒரு வேலையும் செய்யாதவர்.

ஆக, இடித்து வைத்த புளி மாதிரி நான்கு பேர் முறைபோட்டு உட்கார்ந்தார்கள். மச்சினர், ஆரூடக்காரர், வைத்தியர், ஆயாம்மா. அதிபருக்கு உடம்பு சரியில்லை என்பது நால்வருக்குமே தெரியும். சட்டை நனைகிற மாதிரி வியர்த்தது, இடது தோளை அடிக்கடி அமுக்கிக்கொண்டார், பாதி மாடிப்படியில் நின்று ஓவியத்தைப் பார்க்கிற மாதிரி நடித்தார். ஆனால் உடம்புக்கு என்ன என்று கேட்டால் ஆரூடம் பலிக்கும் என்று தாங்களே சொல்வதாகிவிடும். வைத்தியர் "புழுக்கமா இருக்கு" என்றார். மச்சினர் இன்னொரு மின்விசிறி மாட்டச் சொன்னார். அதோடு சரி.

ஒரு நாள் தாழ்வாரத்தில் தேநீர் குடிக்கும்போது ஆயாம்மா ஆரூடக்காரரிடம் கேட்டாள்.

"ஏங்க, நெஜமாவே உங்களுக்கு எதாச்சும் தெரிஞ்சுதா?"

"அட நீ ஒண்ணும்மா. அன்னைக்கு வாசல்லயே வாங்கி நல்லா ஊத்திக்கிட்டுப் போயிட்டேன். இந்தாளு மேல ஒருத்தனுக்கும் பாசம் கிடையாதுன்னு முகத்துலயே எழுதியிருந்துச்சு. அதைப் படிச்சேன். அதுக்குப் பேரு ஆரூடமா?"

"அதை அவருகிட்டயே சொல்லிட வேண்டியதுதானே."

"சொன்னா ஆரூடக்காரன்னு உட்கார வெச்சவங்க குடிகாரன்னு குழியில போட்டுருவாங்க. நாற்காலியாச்சும் மெத்துன்னு இருக்கு."

அந்த வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. கோபம்தான் அதிபருக்குத் தேகப்பயிற்சி. காரணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் ஒருமுறையாவது "எல்லாரும் வெளியே போங்க!" என்று கத்தி அறையைக் காலி செய்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். ஆரூடத்துக்குப் பிறகும் இந்தச் சுகத்தை விட மனம் வரவில்லை. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார். கத்துவார். எல்லாரும் எழுந்து ஓடுவார்கள். மூச்சை இழுத்துக்கொண்டு ஒரு விரலை நீட்டி "நீ மட்டும் இரு" என்பார். யாரை என்று கடைசி வரை தெரியாது. அந்த ஒரு மூச்சு நேரம் எல்லாரும் தவிப்பதைப் பார்ப்பதில் அவருக்கு அப்படி ஒரு ருசி.

ஒருமுறை சமையல்காரர், விரல் தன் பக்கம் வருமோ என்று வாசற்படியில் தயங்கி நின்றார். "போகச் சொன்னா நிக்கிறியா?" என்றார் அதிபர். அதற்குப் பிறகு அந்தச் சமையல்காரரை யாரும் பார்க்கவில்லை. அவர் பெண்சாதியிடம் விசாரிக்கவும் யாருக்கும் துணிவில்லை. அன்று முதல் ஒருவரும் தயங்குவதில்லை. போ என்றால் ஓட்டம்தான். கூப்பிடாமல் உள்ளே வருவதும் குற்றம்தான்.

இதெல்லாம் ஆயாம்மாவுக்குப் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். அவள் மகள் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள்.

முதல் பிரசவத்தில் குழந்தை இறந்தே பிறந்தது. அதே ஆஸ்பத்திரி, அதே கட்டடம். கீழே மகள் அலற, மேலே ஆண்கள் வார்டில் யாரோ ஒருவருடைய படுக்கைத் துணியை மாற்றிக்கொண்டிருந்தாள் அம்மா. நர்சம்மா விடவில்லை. இவளும் கெஞ்சவில்லை. "ஊர்ல உள்ளவன் பக்கத்துலயெல்லாம் உட்கார்ந்தே. என் பக்கத்துல மட்டும் இல்ல" என்று மகள் சொன்னது நெஞ்சில் முள்ளாய்க் குத்திக்கொண்டே இருந்தது. இந்தத் தடவை எது வந்தாலும் வருகிறேன் என்று சத்தியம் செய்து கொடுத்திருந்தாள். மருமகன் ஊர் ஊராக லாரி ஓட்டுகிறவன். வேறு ஆள் இல்லை.

காவலர் அறைத் தொலைபேசியில் மகள் கேட்டாள்.

"இந்த வாரம்தான்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. வருவியா?"

"வராம என்னடி? வந்துடுவேன்."

"அந்தக் கிழம் விட்டாத்தானே."

"மெதுவா பேசு. சுவத்துக்கும் காது இருக்கு."

"இருக்கட்டும். போன தடவையும் எங்கம்மா இதையேதான் சொன்னான்னு சுவத்துகிட்ட சொல்லு."

மச்சினரிடம் போய் லீவு கேட்டாள். அவர் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"ராசிக்காரின்னுதானே உன்னை வெச்சிருக்கோம்? நீ போயிட்டா ராசி என்ன ஆவும்? உன் பொண்ணு இன்னொரு தடவை பெத்துக்குவா. பெரியவர் இன்னொரு தடவை பொறப்பாரா?"

அந்தத் தப்பைக் கடவுள் இரண்டாவது முறை செய்ய மாட்டார் என்று நினைத்துக்கொண்டு ஆயாம்மா திரும்பி வந்தாள்.

இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாடு முடிந்த நேரம். நான்கு பேரும் அறையில் இருந்தார்கள். அதிபருக்கு அன்று மனசு சரியில்லை என்பதால் நான்கு பேரும் வேண்டும் என்று சொல்லியிருந்தார். சூப் கிண்ணத்தை எடுக்க வந்த வேலைக்காரப் பெண் குனிந்து ஆயாம்மாவின் காதில், "வாசல்லேர்ந்து தகவல். உங்க பொண்ணை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டாங்களாம். வலி வந்துருச்சாம்" என்று கிசுகிசுத்துவிட்டுப் போனாள்.

ஆயாம்மா தரையைப் பார்த்தாள். மச்சினரைப் பார்த்தாள். அவர் கொட்டாவி விட்டார். சரி, தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன.

"ஐயா" என்றாள்.

அந்த அறையில் கேட்காமல் யாரும் பேசியதில்லை. வைத்தியர் நாற்காலியோடு நாற்காலியாய் ஒட்டிக்கொண்டார்.

"யாரு பேசுனது?"

"நான்தாங்கய்யா. பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சு. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

"என்னை விட்டுட்டா?"

"இங்க மூணு பேர் இருக்காங்கய்யா. அவளுக்குத்தான் பக்கத்துல யாருமே இல்ல."

அந்த வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாத வார்த்தைகளை ஒரே மூச்சில் அவள் சொல்லிவிட்டாள். அதிபர் கட்டிலிலிருந்து எழுந்தார். முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறிவிட்டது. கையில் கிடைத்த தண்ணீர்க் குவளை ஆரூடக்காரர் தலைக்கு மேல் பறந்து சுவரில் மோதியது.

"யாருமே இல்லையா? யாருமே இல்லன்னா சொல்றே? நான் சாகணும்னு எல்லாருமா சேர்ந்து காத்துக்கிட்டு இருக்கீங்களா? நன்றிகெட்ட நாய்ங்களா! வெளியே போங்க! எல்லாரும்! ஒருத்தனும் நிக்கக் கூடாது!"

முதலில் ஓடியது மச்சினர். வைத்தியர் அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு ஓடினார். ஆரூடக்காரர் ஒற்றைச் செருப்போடு ஓடினார். ஆயாம்மாவுக்கு முட்டிவலி, அவள்தான் கடைசி. வாசலைத் தாண்டும்போது காது மட்டும் பழக்கதோஷத்தில் அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகக் காத்திருந்தது. மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது. இழுத்த மூச்சு வார்த்தையாக வெளியே வரவில்லை.

ஜன்னல் வெயில் தரையில் விழுந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் ஒரு கையின் நிழல் எழுந்தது. நிழலின் நுனியில் ஒரு விரல் நீண்டு ஆடியது. யாரைக் காட்டுகிறது என்று தெரிய வேண்டுமானால் திரும்பி அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்க்கக் கூடாது என்பது சட்டம். ஆயாம்மா அன்று சட்டத்தை மதித்தாள். கதவு அவளுக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.

தாழ்வாரத்தில் நால்வரும் நின்றார்கள். உள்ளே எதுவோ கனமாக விழுந்தது.

"மேசையைத் தள்ளி விடறார்" என்றார் மச்சினர். "கோபம் இன்னும் தணியல."

"மூச்சு ஒரு மாதிரியா வாங்குச்சுங்க. யாராச்சும் உள்ள போய்ப் பாருங்க" என்றாள் ஆயாம்மா.

"நீயே போயேன்."

"என்னை வெளியே போகச் சொல்லிட்டாரே."

"எங்களை மட்டும் என்ன விருந்துக்கா கூப்பிட்டாரு?"

வைத்தியர் தன் காலணி நாடாவைச் சரிசெய்வதில் மூழ்கினார். ஆரூடக்காரர் ஒற்றைச் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். கூப்பிடட்டும், போகலாம். எப்படியும் கூப்பிடுவார். கூப்பிடாமல் இருந்ததே இல்லை.

ஆயாம்மா நடந்தாள். படிக்கட்டில் ஒரு காவலர் மறித்தார்.

"யாரும்மா உன்னைப் போகச் சொன்னது?"

"பெரியவர்தான். சந்தேகம்னா உள்ள போய்க் கேட்டுக்குங்க."

அவர் வழிவிட்டார். வெளிவாசல்காரரிடமும் அதையேதான் சொன்னாள். அவரும் வழிவிட்டார். அந்த வீட்டின் அத்தனை பூட்டுகளுக்கும் அந்தப் பெயர்தான் சாவி.

பிரசவ வார்டில் மகள் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் கம்பியை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"நெஜமாவே வந்துட்டியா? விட்டாங்களா?"

"விரட்டியே விட்டாங்க. நீ மூச்சை விடாம முக்குடி, அப்புறம் பேசலாம்."

பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் அது போட்ட சத்தத்தைக் கேட்டு ஆயாம்மா கட்டில் காலில் சாய்ந்து அழுதாள். எத்தனையோ வருஷமாக எத்தனையோ கட்டில்களின் பக்கத்தில் உட்கார்ந்தவள், அழுதது அன்றுதான்.

மறுநாள் காலையில் வார்டு வானொலியில் பாட்டெல்லாம் நின்று, ஒரே சோகமான வாத்திய இசையாக ஓடியது. தாழ்வாரத்தில் நின்று அவர்கள் வெகுநேரம் காத்திருந்ததும், கடைசியில் ஆரூடக்காரரைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டுக் கதவிடுக்கு வழியாக மற்றவர்கள் எட்டிப் பார்த்ததும், அதிபர் விரலை நீட்டியபடியே தரையில் விறைத்துக் கிடந்ததும் பின்னால் ஊருக்கெல்லாம் தெரிந்த கதைகள். அன்று காலை தெரிந்தது வானொலி சொன்னது மட்டும்தான். நர்ஸ் ஒருத்தி ஓடி வந்தாள்.

"ஆயாம்மா, கேட்டீங்களா? பெரியவர் போயிட்டாராம்! குடும்பமும் மந்திரிங்களும் சுத்தி நின்னு அழ, நிம்மதியா உயிர் பிரிஞ்சுதாம். அப்போ அந்த ஆரூடம் பொய்தானே?"

"ஆமாமா, சுத்தித்தான் நின்னாங்க" என்றாள் ஆயாம்மா, பேத்தியின் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டே. "கதவுக்கு இந்தப் பக்கம்."

மகள் கண்ணைத் திறக்காமல் சிரித்தாள்.

"அம்மா, எழுந்து போயிடாதே."

"எங்கடி போறேன்? நாற்காலி ஒண்ணு கேட்டிருக்கேன், கொண்டு வரட்டும்."