பூஜையில் வைத்த பென்டிரைவ்

போடியில் எங்கள் தெருவுக்குக் கணக்கு என்றால் ராமுத்தாய் அக்காதான். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். அப்பா போன பிறகு, போடிமெட்டுக்கு மேலே குடும்பத்துக்குப் பொதுவாக இருந்த ஏலக்காய்த் தோட்டத்தின் வரவு செலவு முழுதும் அவள் தலையில் விழுந்தது. தம்பிகள் இரண்டு பேர். சுருளிவேல் சிலமலையில் விவசாயம் பார்க்கிறான். தங்கபாண்டி திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. வருவார்கள், அக்கா கொடுப்பதை வாங்கிக்கொண்டு, கறிச்சோறு தின்றுவிட்டுப் போவார்கள்.

கூலி, ஜீப் வாடகை, உரம், விற்ற காய் எல்லாவற்றையும் அன்றன்றே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவாள். ஏற்றி முடித்ததும் பில்லை எல்லாம் பழைய பேப்பரோடு போட்டுவிடுவாள். தோட்டத்துக்குப் போகிற வழியில் டீ குடித்தால்கூட அதைச் சொந்தச் செலவு என்று தனியே எழுதுவாள். நான் கேலி செய்வேன்.

“சிரிக்காத அப்பு. நாளைக்குத் தம்பிமாரு ஒரு சொல்லு சொல்லிறக் கூடாதுல்ல” என்பாள்.

இந்த வருஷம் தோட்டத்தை விற்றுப் பாகம் பிரிக்கத் தம்பிகள் முடிவு செய்தார்கள். தீபாவளிக்கு வரும்போது மொத்தக் கணக்கையும் காட்டச் சொன்னார்கள். பழைய கம்ப்யூட்டரோ இழுத்துக்கொண்டு கிடந்தது. ஓட்டை உடைசலை ஆயுத பூஜையில் வைக்கக் கூடாதென்று, கம்ப்யூட்டர் கடை பிரபுவிடம் அதைக் கொடுத்துப் புதுசு வாங்கினாள். கொடுக்கும் முன் கணக்கைத் தன் கையாலேயே பென்டிரைவில் எடுத்துக்கொண்டாள். பூஜையன்று புதுக் கம்ப்யூட்டருக்கும் பென்டிரைவுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டியாயிற்று.

அன்று மத்தியானம் பிரபு போன் செய்தான். நான் அப்போது அங்கே பொரியும் கடலையும் தின்றுகொண்டிருந்தேன்.

“அக்கா, பழசை மலை மேல ஒரு எஸ்டேட்டுக்குக் கேக்குறாக. ஜீப்பு கெளம்புது. அதுல உள்ளதை அழிச்சுக் கொடுத்துரவா? எதுக்கும் பென்டிரைவை ஒருவாட்டி தெறந்து பாத்துட்டுச் சொல்லுங்க.”

“சாமிகிட்ட வச்சதை இன்னைக்குத் தொடக் கூடாதுப்பா. எல்லாம் இருக்கு. நீ அழிச்சிரு” என்றாள் அக்கா.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்துத் திறந்தாள். பென்டிரைவில் கணக்கு இல்லை. திரையில் இருந்த சின்னப் படத்தை மட்டும்தான் இழுத்துப் போட்டிருக்கிறாள். அதைத் தட்டினால் கணக்கு திறக்கும், ஆனால் அதுவே கணக்கு இல்லை. இதை நான் சொல்லச் சொல்ல, அவள் அந்தப் படத்தையே திரும்பத் திரும்பத் தட்டினாள்.

பிரபுவை இழுத்துக்கொண்டு எஸ்டேட்டுக்கே போனாள். அதற்குள் அங்கே அந்தக் கம்ப்யூட்டரில் காய் எடைக் கணக்கு ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். பிரபு என்னென்னவோ போட்டுத் துழாவினான். ஃபைல் ஒன்று வந்தது, திறந்தால் வெறும் கட்டம் கட்டமாக எழுத்து. “இனி கிட்டாது சேச்சி” என்று அங்கே கணக்கு எழுதும் மலையாளி ரைட்டர் வருத்தப்பட்டார். இதெல்லாம் கீழே இறங்கி வந்த பிறகு பிரபு சொன்னது.

தீபாவளிக்குத் தம்பிகள் வந்தார்கள். பொது ஆளாக என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அக்கா நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். தம்பிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையைப் பிடுங்கித் தெருவில் எறியலாம் போலிருந்தது எனக்கு.

“விடுக்கா. போனது போகட்டும். கணக்கே வேணாம்” என்றான் சுருளிவேல்.

“ஆமா, நாங்க ஒண்ணும் மனசுல வச்சுக்கல. இத்தனை வருசம் ஒத்தையில கெடந்து கஷ்டப்பட்டிருக்க, ஏதோ முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும்” என்றான் தங்கபாண்டி. நல்ல மனசோடுதான் சொன்னான்.

அக்காவின் முகம் செத்துப்போனது.

“என்னடா முன்னப்பின்ன? கேளுங்கடா. எந்த வருசத்துக் கூலி வேணும், எந்த லோடு வேணும், கேளுங்க. எனக்கு ஞாபகம் இருக்கு, சொல்றேன். சண்டை போட்டாச்சும் கேளுங்கடா.”

சுருளிவேல் எழுந்து கை கழுவப் போனான். தங்கபாண்டி, “சோத்தைப் போடுக்கா, பசிக்குது” என்றான்.

அக்கா உள்ளே போய் இலையை எடுத்து வந்து போட்டாள்.