என் கணவரின் சிறுநீரகத்தில் பார்த்த பச்சை வெளிச்சம்

சென்ற ஆண்டு தைப்பூசம் முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. எங்கள் தீவில், ஜார்ஜ் டவுனில் இருக்கும் வீட்டில் ஒரு காலை என் கணவர் கண்ணாடி முன் நின்றுகொண்டு, முகம் ஏன் இப்படி உப்பிக் கிடக்கிறது என்று கேட்டார். முந்தின நாள் வெளுத்துக் கட்டிய ரொட்டி சானாயைச் சொல்லி நான் கிண்டல் செய்தேன். சிறுநீர் பால் விடாத கோப்பி ஓ நிறத்தில் போகிறது என்று அவர் மெல்லச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

மாக் மண்டின் தொழிற்பேட்டையில் இரும்புப் பட்டறை வேலை அவருக்கு. தலைவலிக்குப் பெனடோல் போடச் சொன்னாலே முறைப்பார். அப்படிப்பட்ட மனிதர் மறுபேச்சில்லாமல் என்னோடு மருத்துவமனைக்கு வந்ததே எனக்குப் பயமாக இருந்தது.

அங்கே எங்களைப் பார்த்தவர் ஒரு தமிழ் டாக்டர், வயதில் எங்களைவிட இளையவர். சிறுநீரகம் வேகமாகக் கெடுகிறது என்று ஒளிக்காமல் சொன்னார். சில நோய்களுக்கு உடனே கடுமையான மருந்து கொடுக்காவிட்டால் டயாலிசிஸில் போய் முடியுமாம். வேறு நோயாக இருந்தால் அதே மருந்து ஆபத்தாகிவிடுமாம். எது என்று தெரிய, சிறுநீரகத்தில் ஊசியால் நூல் அளவு சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். எங்கள் ஃபிளாட்டில் டயாலிசிஸுக்குப் போய்வரும் ஒருவரை லிஃப்டில் அடிக்கடி பார்ப்பேன். அந்தச் சோர்ந்த முகம்தான் கண்முன் வந்து நின்றது.

முடிவு வந்த அன்று டாக்டர் கணினியைத் திருப்பி எங்களுக்கே படங்களைக் காட்டினார். எடுத்த சதையைச் சீவல் சீவலாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சாயம் ஏற்றி, இருட்டறையில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். தேடும் பொருள் அங்கே இருந்தால் அந்த இடம் மட்டும் மின்னுமாம். முதல் படம் கறுப்பு. அடுத்ததும் கறுப்பு. அடுத்த படத்தில் அந்தக் கறுப்புக்குள் பச்சைப் பச்சையாகப் புள்ளிகள். இரவில் ஃபெரிக் கப்பலிலிருந்து பார்த்தால் பட்டர்வொர்த் கரை விளக்குகள் தெரியுமே, அப்படி.

நம் ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் என்று சில புரதங்கள் இருக்கின்றனவாம். உடம்பில் கிருமி நுழைந்தால் அடித்து விரட்டப் போகிறவை. அந்தச் சண்டையின் மிச்சம் சிறுநீரகத்தின் சல்லடையில் போய்ச் சிக்கியிருக்கிறது, அதுதான் இந்தப் பச்சை என்றார். பிறகு இவர் பக்கம் திரும்பினார்.

“அண்ணே, போன மாசம் எங்கயாச்சும் காயம் பட்டு சீழ் வச்சிச்சா?”

அதெல்லாம் ஒன்றும் இல்லை என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். இவர் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். குதிகாலில் கறுத்துக் காய்ந்த ஒரு புண். சப்பாத்து கடித்துவிட்டது என்று என்னிடம் சொல்லிப் பிளாஸ்டர் போட்டுக்கொண்டிருந்த இடம் அது.

“காவடி எடுத்துக்கிட்டு தண்ணீர்மலை கோயிலுக்கு நடக்கறப்ப தேங்கா ஓடு குத்திருச்சி. ரொம்ப நாளு சீழ் வந்திச்சி. விரதத்துல ஏதோ குறை வச்சிட்டேன், அதான் ஆறலன்னு நெனச்சேன். வெளிய சொல்ல வெக்கமா இருந்திச்சி.”

தேர் வரும் சாலையில் மலைமலையாய்த் தேங்காய் உடைக்கும் ஊரில் வெறுங்காலோடு நடந்தவர். காவடிக் காயம் சீழ் வைத்தால் பக்தியில் கோளாறு என்று பேசுவார்களே என்று பயந்து, மஞ்சளும் திருநீறும் அப்பி மறைத்திருக்கிறார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

டாக்டர் சிரிக்கவில்லை. “விரதத்துல குறை இல்லண்ணே. உங்க ரத்தம் கிருமியோட நல்லா சண்ட போட்டிருக்கு, அவ்ளோதான் லா,” என்றார்.

புண்ணால் வந்த நோய் என்பதால் அந்தக் கடும் மருந்து தேவைப்படவில்லை. கிருமிக்கு மருந்து, வீக்கம் வடிய மாத்திரை, உப்பில்லாச் சாப்பாடு, அடிக்கடி ரத்தப் பரிசோதனை. சில மாதங்களில் சிறுநீரகம் தேறிவிட்டது, டயாலிசிஸ் பக்கமே போகவில்லை.

ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாமல் அவர் தனியாகச் சுமந்த வலிக்கு, அவர் உடம்பு உள்ளே இத்தனை விளக்கு ஏற்றி வைத்திருந்ததை நினைத்தால் இன்றும் என் கைகள் தாமாகவே கூப்பிக்கொள்கின்றன.